ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி

எங்கள் ஊராட்சிச் சேவை மையக் கட்டடத்தின் பின்னறையில் நெஞ்சளவு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. உள்ளே ரவுட்டர், அடித்தட்டில் பேட்டரிகள், பக்கத்துச் சுவரில் வளையம் வளையமாகச் சுருட்டி மாட்டிய கறுப்புக் கேபிள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பச்சை விளக்குகள் மினுக்குவது தெரியும். வினாடிக்கு 1 ஜிகாபிட் தாங்கக்கூடிய இணைப்பு அது. எதிரே டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பட்டா நகல் இறக்கப் பார்ப்பவரின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு தார் ரோடு, இருபதடி தேறும்.

கிராமத்துக்கு அதிவேக இணையம் என்ற பேச்சில் சிக்கலான பகுதி அந்த இருபதடிதான். கம்பி இழுப்பது ஒரு வேலை. இழுத்த கம்பியைப் பத்து வருஷம் உயிரோடு வைத்திருப்பது வேறு வேலை. முதல் வேலைக்குக் கிடைத்த பணமும் கவனமும் இரண்டாவது வேலைக்குக் கிடைக்கவில்லை என்பது என் கட்சி.

முதலில், எதை அதிவேகம் என்கிறோம்? 2004-இல் அரசு பிராட்பேண்டுக்கு வைத்த குறைந்தபட்ச அளவு 256 கேபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 256 கிலோபிட். பிறகு அது 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள் (ஆயிரம் கிலோபிட் ஒரு மெகாபிட், ஆயிரம் மெகாபிட் ஒரு ஜிகாபிட்). ஒருவர் யூடியூப் பார்க்க 2 எம்பிபிஎஸ் போதும். வீட்டில் ஒரு பெண் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள், தம்பி ஆன்லைன் பயிற்சி வகுப்பில் இருக்கிறான், தாத்தா சீரியல் பார்க்கிறார் என்றால் போதவே போதாது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இறக்கும் வேகத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், ஏற்றும் வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இ-சேவை மையத்தில் பத்துப் பக்கம் ஸ்கேன் செய்து ஏற்றும் பெண்ணைக் கேட்டால் எது தலைவலி என்று சொல்வார்.

கிராமத்தில் "நெட்" என்றாலே போன்தான். 2024 இறுதியில் நாட்டில் இருந்த சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில் கம்பி வழியாக வந்தவை 4 கோடியை ஒட்டித்தான். மற்றவை ஏறக்குறைய எல்லாம் டவரை நம்பியவை. டவர் என்பது பொதுக்கிணறு மாதிரி. காலை பத்து மணிக்குத் தண்ணீர் இருக்கும், சாயங்காலம் ஊரே குடத்தோடு வந்து நின்றால் கயிறுதான் மிஞ்சும். ஐபிஎல் நடக்கும் மாதங்களில் இரவு எட்டு மணிக்குக் கிராமத்தில் பணம் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டவர் வந்துவிட்டால் கம்பி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2023-இலிருந்து வீட்டு மாடியில் ஒரு பெட்டியை மாட்டி 5ஜி வழியாகவே வைஃபை தரும் ஏர்ஃபைபர் சேவைகளும் வந்துவிட்டன, சில ஊர்களில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் அந்த டவருக்கு இணையம் எங்கிருந்து வருகிறது? ஃபைபர் என்ற கண்ணாடி இழையில் வந்தால் தாராளம். இன்னொரு டவரிலிருந்து மைக்ரோவேவ் என்ற ரேடியோ அலை வழியாக வந்தால் அளவுச் சாப்பாடு. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவைச் செயலியில்தான் போட வேண்டும் என்றார்கள், ஒரு நாளைக்கு இரண்டு முறை படத்தோடு. ஏரிக்கரையில் நிற்பவர்களுக்கு வீட்டு ஃபைபரால் பயனில்லை, டவர்தான் வேண்டும். ஆனால் அந்த டவர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் அதன் காலடிக்குக் கம்பி போயிருக்க வேண்டும்.

கம்பி கொண்டுவரும் திட்டம் புதிதல்ல. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய கண்ணாடி இழை வலைப்பின்னல் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கம்பி, ஒவ்வொன்றுக்கும் 100 எம்பிபிஎஸ், மதிப்பீடு 20,000 கோடி ரூபாய், இரண்டு வருஷத்தில் முடியும் என்றார்கள். பணம் வானத்திலிருந்து வரவில்லை. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை எல்லாருக்கும் சேவை போய்ச் சேர்வதற்கான நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆக, இது நாம் செய்த ரீசார்ஜில் ஒரு பங்குதான். அஜ்மீர் அருகே ஆராய்ன், விசாகப்பட்டினம் பக்கம் பரவாடா, திரிபுராவில் பாணிசாகர் என்று மூன்று வட்டாரங்களில் முன்னோட்டம் பார்த்தார்கள். 2015-இல் பெயர் பாரத்நெட் ஆனது. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்தபோது 2017 டிசம்பர் ஆகிவிட்டது.

தாமதத்தைக்கூட மன்னிக்கலாம். கம்பியை இழுத்த விதத்தில்தான் பெரிய கோளாறு. வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்கு மரக்கிளை மாதிரி இழுத்தார்கள். நடுவில் ஏற்கெனவே கிடந்த பழைய கம்பிகளையும் பயன்படுத்திக்கொண்டார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: கடைமடை. வாய்க்கால் நடுவில் எங்காவது உடைந்தால் அதற்குக் கீழே இருப்பவர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. அது போல ஓரிடத்தில் கம்பி அறுந்தால் அதற்கு அப்பால் இருக்கும் ஊராட்சிகள் எல்லாம் இருட்டு. கம்பியை வளையமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். இதை 2015-லேயே ஜெ. சத்யநாராயணா தலைமையிலான குழு பரிந்துரைத்தது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதலான திருத்திய திட்டத்தில்தான் வளையம் நாடு முழுவதற்குமான விதியாக வந்தது, கூடவே பத்து வருஷப் பராமரிப்பும். 20,000 கோடி எங்கே, இது எங்கே? எல்லாமே விரயம் என்று சொல்லமாட்டேன். பராமரிப்புக்கு விலை உண்டு என்பதை அரசாங்கம் ஒருவழியாகக் கணக்கில் சேர்த்திருக்கிறது என்றும் இதைப் படிக்கலாம்.

தமிழ்நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. பாரத்நெட்டின் இரண்டாம் கட்டத்தில், நாங்களே செய்துகொள்கிறோம் என்று பொறுப்பேற்ற மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. அதற்காக 2018-இல் டான்ஃபிநெட் என்ற தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் உருவானது. 2019 டிசம்பரில் விட்ட டெண்டரில் போட்டியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் இருப்பதாகப் புகார் எழுந்து, 2020 ஜூனில் மத்திய அரசு அதை ரத்து செய்யச் சொன்னது. மறுபடி டெண்டர், மறுபடி காத்திருப்பு. 2022-இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை தொடங்கியது. 12,525 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 1 ஜிகாபிட், சுமார் 1,815 கோடி ரூபாய். பெரும்பகுதி மண்ணுக்கடியில் இல்லை, மின்கம்பங்களின் மேல்தான் போகிறது. தோண்டுவதைவிட மலிவு, வேகமும் கூட. அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் மாவட்ட ஆட்சியர்கள் ஒரு செய்திக்குறிப்பு விட்டார்கள். இந்தக் கம்பியில் உலோகம் எதுவும் இல்லை, எடுத்து விற்க முடியாது, சேதப்படுத்தினால் நடவடிக்கை என்பது அதன் சாரம். செம்புக்கம்பி என்று நினைத்து வெட்டிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் ஏமாந்து நின்றவர்களை நினைத்துக்கொண்டேன். உள்ளே இருப்பது முடியளவு கண்ணாடி. எரித்தால் கரிதான் மிஞ்சும்.

நாடு முழுவதும் 2 லட்சத்து 14 ஆயிரம் ஊராட்சிகள் "சேவைக்குத் தயார்" என்கிறது அரசுக் கணக்கு. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தயார் என்றால் கம்பி வந்திருக்கிறது, பெட்டி வைத்தாயிற்று, சோதனையும் செய்தாயிற்று. யாராவது பயன்படுத்துகிறார்களா என்பது வேறு கேள்வி. கல்யாண மண்டபம் தயார் என்பதற்கும் பந்தியில் ஆள் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள தூரம்தான் அது.

இன்னொரு கணக்கு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளில் 79,395 குக்கிராமங்கள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறுக்கு மேல். பெட்டி இருப்பது தாய்க் கிராமத்தில், ஒரே கட்டடத்தில். மற்ற ஐந்து குடியிருப்புகளும் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், மலைப்பக்கமானால் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தெருவிளக்கும் தண்ணீர்க் குழாயும் எந்த வரிசையில் போயினவோ அதே வரிசையில்தான் கேபிளும் போகும்: முதலில் ஊர், ஆதிதிராவிடர் குடியிருப்பு அப்புறம். யாரும் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. பணம் கட்டக்கூடிய பத்து வீடு எந்தத் தெருவில் அடுத்தடுத்து இருக்கிறதோ அங்கே முதலில் இழுப்பது எந்தக் கேபிள்காரருக்கும் இயல்பு. ஆனால் விளைவு ஒன்றுதான். திருத்திய பாரத்நெட்டில் ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும் கேட்டால் கம்பி தரப்படும் என்ற ஏற்பாடு இருக்கிறது. கேட்க வேண்டும் என்பதே பல இடங்களில் தெரியாது.

சரி, பெட்டியிலிருந்து வீட்டுக்கு எப்படிப் போகிறது?

இதில் ஓர் அழகு இருக்கிறது. ஒரே ஓர் இழை போகும். நடுவில் ஸ்ப்ளிட்டர் என்று சோப்புப் பெட்டி அளவில் ஒன்று. அதற்கு மின்சாரம் வேண்டாம். உள்ளே வரும் ஒளியை அது 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கு போட்டு அனுப்பும். 20 கிலோமீட்டர் வரை இப்படிக் கொண்டுபோகலாம். ஓர் இழையில் கீழ்நோக்கி வருவது வினாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட். 32 வீடும் ஒரே நொடியில் முழு மூச்சாக இழுத்தாலும் வீட்டுக்கு 75 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வரும். நிஜத்தில் எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, அதனால்தான் 100 எம்பிபிஎஸ் என்று விற்க முடிகிறது. இதற்கு மேலே ஊராட்சிக்கு வரும் 1 ஜிகாபிட்தான் உச்சவரம்பு. 200 வீடு சேர்ந்து இழுத்தால் ஆளுக்கு 5 எம்பிபிஎஸ். சாதாரண நாளில் இது உறைக்காது. ஊர் முழுக்க ஃபைபர் போன பிறகு உறைக்கும். அப்போது பெட்டியை மாற்றினால் போதும், கம்பி அதேதான். கண்ணாடி இழையில் போடும் முதலீடு வீண் போகாது என்பது இதனால்தான்.

பங்கு போடும்போது ஒளி குறையும். அந்த இழப்பை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள். இரண்டாகப் பிரித்தால் 3 டெசிபல் போகும். 32 என்பது ஐந்து முறை பாதியாக்குவது, ஸ்ப்ளிட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்துச் சுமார் 17 டெசிபல். மொத்தம் 28 வரை தாங்கும் என்று வைத்துக்கொண்டால் மீதி 11-க்குள் கம்பியின் நீளம், ஜாயின்ட், கனெக்டர் எல்லாம் அடங்க வேண்டும். எங்கள் ஊர்க் கேபிள் அண்ணனுக்கு டெசிபல் என்றால் என்ன என்று விளக்கம் தெரியாது. ஆனால் மீட்டரைச் செருகி, வந்து சேரும் ஒளியை அளந்து பார்த்து, "மைனஸ் 22 வருது தம்பி, ஜம்முனு ஓடும்" என்பார். மைனஸ் 29 என்றால் ஒளி ரொம்பக் குறைவு, பேசவே மாட்டார், ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கோ கேபிளை இறுக்கி மடக்கி ஆணியடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணாடி வளையும், ஆனால் அளவுக்கு மேல் வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும்.

அவர் ஜாயின்ட் போடுவதை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேப்பமர நிழல், பைக் சீட்தான் மேஜை. பிடுங்கி மாதிரி ஒன்றை வைத்து இழையின் மேல்பூச்சை உரித்தார். ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் துடைத்தார், கீச்சென்று சத்தம் வந்தால் சுத்தம் என்று அர்த்தமாம். வெட்டும் கருவியில் வைத்து நேர்கோடாக வெட்டினார். விழுந்த துணுக்கை ஒரு மூடிபோட்ட டப்பாவில் பத்திரப்படுத்தினார், காலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். பிறகு இரண்டு முனைகளையும் மெஷினில் எதிரெதிரே படுக்க வைத்தார். திரையில் இரண்டு தூண்கள் ஒன்றையொன்று தேடி நகர்ந்து நேர்ப்பட்டன. ஒரு சின்ன மின்னல். 0.02 என்று காட்டியது. இழையின் விட்டம் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் நடுப்பகுதி அதற்குள் இன்னும் பத்து மடங்குக்கு மேல் மெல்லியது. அதைக் காற்றடிக்கும் ரோட்டோரத்தில் நேர்ப்படுத்தி ஒட்டுகிறார், முன்பு டிஷ் ஆன்டெனாவுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த மனிதர்.

இப்போது மின்கம்பத்தின் மேல் இழுத்ததன் விலைக்கு வருவோம். எங்கள் பக்கம் அறுவடை முடிந்தால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் கிளம்பும். வீட்டுயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். ரோட்டைக் குறுக்கே கடக்கும் கேபிள் கொஞ்சம் தொங்கியிருந்தால் போதும். போன வருஷம் அப்படி ஒன்று இழுத்துக்கொண்டு போய் ஊரே நான்கு நாள் இணையமில்லாமல் கிடந்தது. எனக்கு இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் புகார் எண்ணைக் கூப்பிட்டால் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிகிறது, கம்பி ரோட்டில் கிடக்கிறது, கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மறுநாள் உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. கம்பி அப்படியேதான் கிடந்தது. அவர்களுடைய ஸ்ப்ளைசிங் ஆள், அதாவது அறுந்த இழையை ஒட்டுபவர், மாவட்டத் தலைநகரில் இருந்தார், மூன்று தாலுகாவுக்கு அவர் ஒருவர்தான். கடைசியில் ஒட்டியது கேபிள் அண்ணன், அதுவும் அவர் கம்பி இல்லை. "பசங்க பரீட்சை நேரம்" என்று சொல்லிக்கொண்டே செய்தார்.

இந்த இடத்தில்தான் கிராம இணையம் நிற்கிறது அல்லது விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராமத்தில் 60 இணைப்பு, மாதம் 400 ரூபாய் என்றால் 24,000. வரி 18 சதவீதம் தனி. நிறுவனத்துக்குப் பாதி போனால் உள்ளூர்க்காரர் கையில் 12,000. அதில் பெட்ரோல், கேபிள், கெட்டுப்போன மோடம், மின்வெட்டுக்குப் பேட்டரி, ஸ்ப்ளைசிங் மெஷினின் தவணை. அந்த மெஷின் ஒரு பைக் விலை. ஒரே கிராமத்தை நம்பி ஒருவர் பிழைக்க முடியாது. ஆறேழு ஊர் சேர்ந்தால் முடியும். ஆனால் ஆறேழு ஊருக்கு ஒருவர் என்றால் அறுந்த அன்றே வர முடியாது. நகரத்தில் ஒரே தெருவில் 60 இணைப்பு கிடைக்கும். கிராமத்தில் அதற்கு நாலு கிலோமீட்டர் கம்பி வேண்டும், நாலு கிலோமீட்டருக்கும் வைக்கோல் வண்டி உண்டு.

அரசும் இதைப் புரிந்துகொண்டுதான் பாரத்நெட் உத்யமி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உள்ளூர் ஆளே வீடுகளுக்கு இணைப்பு கொடுப்பார், பழுதும் பார்ப்பார், வருமானத்தில் பாதி அவருக்கு. ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடி கிராம வீடுகளுக்கு இணைப்பு என்பது இலக்கு. கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கேஃபோனும் வீட்டு இணைப்புக்கு உள்ளூர்க் கேபிள்காரர்களைத்தான் நம்பியது. 2023 ஜூனில் தொடங்கியபோது அதன் முதல் கட்ட இலக்கு 30,000 அரசு அலுவலகங்களும் 14,000 ஏழை வீடுகளும். மின்வாரியக் கம்பங்கள் அங்கேயும் கைகொடுத்தன. இந்தப் பாதை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பாதி வருமானம் என்பது பாதிச் சுமை இல்லை. மேலே வளையத்தில் கோளாறு வந்து இரண்டு நாள் நின்றாலும் வீட்டுக்காரர் திட்டுவது உத்யமியைத்தான்.

இதற்கு முற்றிலும் எதிர்த்திசையில் போன ஊர்கள் இங்கிலாந்தில் இருக்கின்றன. லங்காஷயரின் கிராமங்களுக்கு வருவது கட்டுப்படியாகாது என்று பெரிய நிறுவனங்கள் ஒதுங்கியபோது, 2011-இல் ஊர்க்காரர்களே பி4ஆர்என் என்ற கூட்டுறவு மாதிரியான சங்கத்தை ஆரம்பித்தார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் வலைப்பின்னல் பாடம் நடத்திய பேரி ஃபோர்ட் வடிவமைத்தார். விவசாயிகள் தங்கள் வயலில் குழாய் பதிக்க வாடகை கேட்கவில்லை. தோண்டியவர்களுக்கு மீட்டருக்கு ஒன்றரை பவுண்டு, அதைப் பலர் பணமாக வாங்காமல் பங்காகவே வைத்துக்கொண்டார்கள். ஜாயின்ட் போடவும் ஊர்க்காரர்களே கற்றுக்கொண்டார்கள். மாதம் 30 பவுண்டுக்கு இரு திசையிலும் 1 ஜிகாபிட் கிடைத்தது, லண்டன்காரர்கள் பலருக்கு அது கனவாக இருந்த காலத்தில். அப்படியே இங்கே செய்துவிடலாம் என்று சொல்லமாட்டேன். அங்கே ஒரு பண்ணையைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டர் முடிந்துவிடும். இங்கே ஒரு கிலோமீட்டரில் முப்பது பட்டாதாரர்கள், ஒரு வரப்புத் தகராறு, ஒரு நெடுஞ்சாலைத் துறை ரோடு. பங்கு வாங்கக் கையில் காசும் இல்லை. ஆனால் தோண்டியவரே பழுதும் பார்க்கிறார் என்ற அந்த ஒரு விஷயம் மட்டும் மனதில் நிற்கிறது. பள்ளம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், வரைபடம் வேண்டாம்.

நம் ஊரில் கிராம சபை இருக்கிறது, வருஷத்துக்கு ஆறு. அங்கே "இணையம் வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் கோப்பில் தூங்கும். பெட்டி இயங்குகிறதா, பள்ளிக்கூடத்துக்கும் துணைச் சுகாதார நிலையத்துக்கும் அதிலிருந்து கம்பி போயிருக்கிறதா, எந்தக் குடியிருப்புக்கு இன்னும் போகவில்லை, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் யார் வருவார் என்று கேட்கலாம். கேட்பதற்கு ஆளும் வேண்டும். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. ஒரு தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள். அவருக்கு எங்கள் பின்னறைப் பெட்டி நினைவிருந்தால் பெரிய விஷயம்.

டீக்கடைக்காரருக்கு பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம் பற்றிச் சொன்னேன். 2020 டிசம்பரில் வந்தது அந்தத் திட்டம். லைசன்ஸ் வேண்டாம், ஒரு ஃபைபர் இணைப்பும் வைஃபை கருவியும் இருந்தால் கடைக்காரரே பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் இணையம் விற்கலாம். கடைகளுக்கு வணிக இணைப்பின் விலையைச் சொல்லி நிறுவனங்கள் மிரட்டியது அது பரவாததற்கு ஒரு முக்கியக் காரணம். 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, வீட்டு இணைப்பின் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. கேட்டுக்கொண்டே இரண்டு டீ ஆற்றினார். ரோட்டைக் கடந்து வயர் இழுக்க யாரிடம் கேட்க வேண்டும் என்றார். ஊராட்சி ரோடு, பெரிய சிரமம் இருக்காது என்றேன். வைக்கோல் வண்டி உயரம் என்ன என்றார். பதினைந்து அடி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ராத்திரி பத்து மணிக்கு அந்த ரூமுல லைட்டு அணைஞ்சா, சாவி யாருகிட்ட இருக்கும்?"

செயலரிடம் இருக்கும். செயலர் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.